தண்ணீர் வருவதற்குள்

உறிஞ்சும்போதுதான் வலித்தது. கன்னத்தைக் குழித்து இழுத்தால்தான் பிப்பெட் குழாயில் கரைசல் ஏறும். குழித்தால், உள்பக்கம் பல் பட்டுக் கிழிந்திருந்த இடம் மறுபடி பிளந்துகொள்ளும். வலிக்கிறதே என்று கண்ணை மூடவும் முடியாது. ஏறுகிற கோட்டின் மேலேயே கண் இருக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் கரைசல் வாய்க்குள் வந்துவிடும். லோகிதாசன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே வலியை வாங்கினான். இந்தக் கல்லூரியில் எல்லோரும் வாயால்தான் உறிஞ்சுவார்கள். ரப்பர் பல்பெல்லாம் பீரோவுக்குள் அட்டைப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, ஆய்வுக்கு யாராவது வந்தால் ஒருநாள் வெளியே வந்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்ளும். கரைசல் கோட்டைத் தாண்டி ஏறியதும் ஆள்காட்டி விரலால் மேல்முனையை மூடினான். விரல் நழுவவில்லை. பிடியை நூலளவு தளர்த்தி, கீழ்விளிம்பு கோட்டில் வந்து உட்காரும்வரை இறக்கினான். அப்போதுதான் நாக்கில் துருப்பிடித்த ருசி தெரிந்தது. கரைசலா, ரத்தமா? இரண்டும் இரும்புதான். ஒன்று கேள்வித்தாளில் அளக்கச் சொல்லியிருக்கும் இரும்பு, இன்னொன்று அவன் கன்னத்திலிருந்து முந்தாநாள் முதல் கசிந்துகொண்டிருக்கும் இரும்பு. ஒரு துளி எச்சிலோடு பிப்பெட்டுக்குள் இறங்கியிருந்தால்? மேல்முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றியது. தோன்றினால் போதாது. பிப்பெட்டில் இருந்ததைச் சிங்க்கில் விட்டு, கழுவி, அதே கரைசலால் ஒருமுறை அலசி, மறுபடி வாயில் வைத்தான். மறுபடி பிளந்தது. எதிரே மேசைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த குபேந்திரன் இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான் என்று லோகிதாசனுக்குப் பட்டது. நிமிர்ந்து பார்த்தபோது அவன் ஸ்டாண்டில் நின்ற தன் பியூரெட் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு மேசைக்கு இரண்டு பேர். பதிவெண் வரிசைதான் கணக்கு. குபேந்திரனுக்கு அடுத்து லோகிதாசன், இடையில் யாரும் கிடையாது. முதல் வருஷம் எவனோ ஒருவன் இருந்தான், அவன் பாதியில் நின்று திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். அவன் போகாமல் இருந்திருந்தால் இன்றைக்கு இந்த இறுதிச் செய்முறைத் தேர்வில் லோகிதாசன் வேறு மேசையில் நின்றிருப்பான், தன்னை அடித்த கையை மூன்று மணி நேரம் கண்முன்னால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது. அந்தக் கை மேசைமேல் இருந்தது. நல்ல கனமான கை, கட்டைவிரல் நகம் அகலமானது, மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. முந்தாநாள் சாயங்காலம் அந்தக் கயிறு எவ்வளவு அருகில் வந்ததென்றால் அதன் முடிச்சில் சிக்கியிருந்த காய்ந்த குங்குமத்தைக்கூட அவன் பார்த்தான். இன்று இந்த அறையில் தன் கை நீளக் கூடாது. அதை மட்டும்தான் அவன் காலையிலிருந்து தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். தேர்வறையில் கை நீட்டினால் மூன்று வருஷம் எழுத முடியாது என்று வாசலில் ஒட்டியிருந்தது. ஓசூரில் ஒரு மருந்துக் கம்பெனி தரப் பரிசோதனைக் கூடத்துக்கு அவனை எடுத்திருந்தது, தேர்ச்சி என்று வந்தால் கிளம்ப வேண்டியதுதான். வீட்டில் பன்னிரண்டாவது தாண்டியவர்களே அவனுக்கு முன்னால் இல்லை. எல்லாம் இந்தக் கை தன்னோடு இருக்கிறவரைக்கும்தான். நீண்டால் போயிற்று. நீட்டாமல் விட்டால்? நீட்டாமல் விட்டால் ஒன்றும் ஆகாது, அதுதான் வயிற்றில் கல் மாதிரி கிடந்தது. ஒன்றும் ஆகாது.

நடந்தது இவ்வளவுதான். மாதிரித் தேர்வன்று குபேந்திரன் பியூரெட்டில் எவ்வளவு இறங்கியது என்கிற மூன்று ரீடிங்கும் பன்னிரண்டு பன்னிரண்டு என்று எழுதி வைத்திருந்தான். எல்லோரும் செய்வதுதான். ஒருமுறை பார்த்துவிட்டு இரண்டாவதையும் மூன்றாவதையும் அப்படியே எழுதிவிடுவார்கள், அதற்கு வகுப்பில் சமையல் என்று பெயர். குபேந்திரன் அந்த ஒருமுறையும் பார்க்கவில்லை, அது வேறு விஷயம். சண்முகவடிவு மேடம் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "லோகிதாசா, இவனோட சொல்யூஷன்ல நீ ஒண்ணு பாரு" என்றார். பார்த்தான். பன்னிரண்டு புள்ளி ஒன்பது வந்தது. நம்பாமல் இன்னொரு முறை பார்த்தான், அதேதான். "எவ்வளவு?" என்று மேடம் கேட்டார். அந்த இடத்தில் அவன் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். பன்னிரண்டுதான் மேடம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரவில்லை. பியூரெட் காட்டியதைத் தவிர வேறு எண்ணைச் சொல்ல வேண்டும் என்பதே அவனுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவு முட்டாள்தனம். மேடம் சிவப்பு மையால் குபேந்திரனின் தாளில் குறுக்கே ஒரு கோடு போட்டார். வகுப்பு சிரித்தது. குபேந்திரனும் சிரித்தான். அவன் சிரித்ததைப் பார்த்து விஷயம் அதோடு முடிந்தது என்று லோகிதாசன் நினைத்துக்கொண்டான். அதற்கு அடுத்த வாரம், அதாவது முந்தாநாள், மூடிக்கிடந்த தியேட்டருக்குப் பின்னால் பஸ்ஸுக்குப் போகிற சந்தில், குபேந்திரனும் அவனுடைய மாமன் மகன்கள் இரண்டு பேரும் வண்டியைக் குறுக்கே போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"வாங்க சார். எங்க ரீடிங்கையெல்லாம் சரி பாக்குற சார் வராரு பாரு" என்றான் குபேந்திரன். மாமன் மகன்களில் பெரியவன், "காலனிலேர்ந்து வந்து நம்ம பையன் கணக்க இவன் திருத்துறானாடா?" என்று கேட்டுக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றினான். கழற்றிய ஹெல்மெட்தான் முதலில் வந்தது, விலாவில். மூச்சு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. கீழே விழுந்தவனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்திச் சுவரோடு வைத்துவிட்டு குபேந்திரன் நிதானமாகக் கையை விரித்தான். "இனிஷியல் ரீடிங் ஜீரோ." அறைந்தான். "ஃபைனல் எவ்ளோடா? சொல்றா, எவ்ளோ வந்துச்சு?" லோகிதாசன் சுவரில் கையை ஊன்றி நிமிர்ந்தான். "சொல்ல மாட்டியா? சரி, இன்னொண்ணு பாப்போம். ரெண்டும் ஒண்ணா வர வரைக்கும் பாக்கணும்ல, மேடம் சொல்லிக் குடுத்திருக்காங்க இல்ல?" இரண்டாவது அறை காதோடு விழுந்தது. அடுத்தது குத்து, அதில்தான் கன்னம் உள்ளே கிழிந்தது. மாமன் மகன்கள் அடித்தார்கள், ஆனால் அவர்களுக்கு அந்த ஜோக் புரியவில்லை, ஒருவன், "இன்னாடா இனிஷியலு?" என்றுகூடக் கேட்டான். அந்தச் சந்தில் அந்த ஜோக் புரிந்தது இரண்டே பேருக்குத்தான். அடித்தவனுக்கும் அடிபட்டவனுக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் லோகிதாசனுக்கு உடம்பு கூசியது, ஏனென்றால் அந்தக் குத்துக்கும் அடுத்த அடிக்கும் நடுவில், வாயில் ரத்தத்தோடு, அவனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. உண்மையாகவே வரப் பார்த்தது. அதற்காக அவன் குபேந்திரனை மன்னிக்கவே மாட்டான். அடித்ததற்குக்கூட அல்ல, அதற்காக.

பியூரெட்டில் பர்மாங்கனேட் கத்தரிப்பூ நிறத்தைத் தாண்டிக் கறுத்து நின்றது. மற்றக் கரைசலுக்கெல்லாம் கீழ்விளிம்பு, இதற்கு மட்டும் மேல்விளிம்பு. இது இருட்டு, உள்ளே இருப்பது தெரியாது, அதனால் மேலே தெரிவதை வைத்துத்தான் கணக்கு. நேர்கண்ணாகப் பார்க்க வேண்டும். குனிந்தான், விலா குத்தியது, குத்தலோடு அப்படியே நின்று படித்தான். பூஜ்யம். இடது கையைப் பியூரெட்டைச் சுற்றிக் கொண்டுபோய் அதன் அடியில் இருந்த திருகை, ஸ்டாப்காக்கைப் பிடித்தான். வலது கையில் ஃபிளாஸ்க். திறந்தான். துளி விழுந்த இடம் சிவந்து, சுழற்றியதும் காணாமல் போயிற்று. விழ, சிவக்க, காணாமல் போக. முதல் வருஷம் இந்தச் சுழற்றலே வராமல் இரண்டு வாரம் தடுமாறினான், ஃபிளாஸ்க் போய் பியூரெட் மூக்கில் இடித்துக்கொண்டே இருக்கும். ராத்திரி வீட்டில் டம்ளரில் தண்ணீரை வைத்துக்கொண்டு சுழற்றிப் பழகியபோது அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இன்னாடா அது?" என்று கேட்டாள். அரிசி ஆலையிலிருந்து வந்தவள், தலையில் உமி. "சொட்டு சொட்டா ஊத்தணும்மா, ஊத்திக்கினே ஆட்டணும்." "அதுக்கா மூணு வருசம்?" என்றாள். பிறகு அவளும் ஒரு டம்ளரை எடுத்துச் சுழற்றிப் பார்த்து, மேலெல்லாம் தண்ணீர் தெளித்துக்கொண்டு, "கஷ்டந்தான்" என்று ஒப்புக்கொண்டாள். முந்தாநாள் அவன் வீங்கிய முகத்தோடு போய் நின்றபோது அவள் எதுவும் கேட்கவில்லை. யார் என்று கேட்டால் போக வேண்டியிருக்கும், போனால் இன்னும் நாலு பேர் வருவார்கள். கேட்காமல் உப்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கேட்கவில்லையே என்று கோபம் வந்தது, கோபம் அவள்மேல் போய் நிற்க இடமில்லாமல் திரும்பி வந்து இவன் கைக்குள் நுழைந்துகொண்டது. இப்போதும் கைக்குள்தான் இருந்தது. ஸ்டாப்காக்கை மயிரிழை மயிரிழையாகத் திருப்புகிற அதே விரல்களுக்குள். ஸ்டாண்டின் இரும்புக் கம்பியை ஆணியோடு பிடுங்கி குபேந்திரன் வாயில் குறுக்கே வைத்து ஓர் இடி. பியூரெட்டை மேசை விளிம்பில் தட்டினால் முனை சாய்வாக உடையும், அதைக் காதுக்குக் கீழே துடிக்கிற இடத்தில். ஒவ்வொன்றையும் அவன் முழுக்கப் பார்த்தான், கண்ணாடி உள்ளே இறங்கும்போது சதை எதிர்ப்பதைக்கூட மணிக்கட்டில் உணர்ந்தான், ஆனால் ஃபிளாஸ்க் நிற்காமல் வட்டமாகச் சுழன்றுகொண்டிருந்தது, ஒரு துளிகூடப் பக்கத்தில் தெறிக்கவில்லை. தலைக்குள் ஒருவனைக் குத்திக் கிழித்துக்கொண்டே கை இவ்வளவு சாதுவாக இருக்க முடியுமா? இந்தக் கையை நம்பலாமா? இது யாருடைய கை? சிவப்பு இப்போது கொஞ்சம் தயங்கித் தயங்கி மறைந்தது. நெருங்கிவிட்டது. ஸ்டாப்காக்கை மூடித் திறந்து, மூடித் திறந்து, கடைசியில் அரைத்துளியைக் கண்ணாடி விளிம்பில் தொட்டு வாஷ் பாட்டிலால் உள்ளே இறக்கினான். மாலைநேரத்து மேகத்தின் ஓரம் மாதிரி ஒரு சிவப்பு. நின்றது. அவன் மனசுக்குள் முப்பது எண்ணினான். போகவில்லை.

"லோகி." மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. உதடு அசையாமல் பேசுகிற தேர்வறைக் குரல். "லோகி, எவ்ளோ வந்துச்சு?"

அதே கேள்வி. அதே வாய். சந்தில் கேட்டதற்கும் இப்போது கேட்பதற்கும் குபேந்திரனுக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்த மாதிரி இல்லை. அவன் உண்மையிலேயே மறந்திருந்தான், அல்லது மறக்கிற அளவுக்குக்கூட அது அவனுக்கு ஒரு விஷயமாக இல்லை. "சொல்லுடா மச்சான், எக்ஸ்டர்னல் அந்தப் பக்கம்தான் இருக்கான்." மச்சான். லோகிதாசன் நெற்றி நரம்பு துடிப்பதைக் கேட்டான், துடிப்பதைக் கேட்க முடியும் என்று அதுவரை அவனுக்குத் தெரியாது. தன்னுடைய எண்ணைச் சொல்லிவிடலாம். இன்று ஒவ்வொருவருக்கும் வேறு வேறு அளவில் கரைசல் கொடுத்திருக்கிறார்கள். தன் எண்ணை அவன் எழுதினால் அத்தோடு ஒழிந்தான், யாரும் யாரையும் தொடவே வேண்டாம். எவ்வளவு சுலபம். நாக்கு நுனிவரை வந்தது. "உன்னுது வேற. என்னுது உனக்கு ஒத்து வராது" என்று அவன் வாய் சொல்லிற்று. குபேந்திரன் பல்லைக் கடித்துக்கொண்டு, "பெரிய இவன்" என்றான். ஏன் சொன்னேன்? ஏன் உண்மையைச் சொன்னேன்? பொய் சொல்லத் தெரியாத வாயை வைத்துக்கொண்டு எவனைப் பழி வாங்குவது? லோகிதாசனுக்குத் தன்னையே ஓங்கி அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. அடுத்த ரீடிங்குக்காகப் பியூரெட்டை நிரப்பினான்.

அப்போதுதான் முன்வரிசையில், "சார், டைல்யூட் சல்ஃப்யூரிக் தீர்ந்துபோச்சு சார்" என்று குரல் வந்தது. கலந்து வைத்திருந்த நீர்த்த அமிலம் பாதிப் பேருக்கு முன்பே காலி. அட்டெண்டர் கோப்பு எடுக்க அலுவலகத்துக்குப் போயிருந்தார். சண்முகவடிவு மேடம் எழுந்தார், அதற்குள் வெளியூரிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர், வழுக்கையும் வெள்ளைச் சட்டையுமாக மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தவர், கையசைத்தார். "உக்காருங்க மேடம். கான்சன்ட்ரேட்டட் ஷெல்ஃபுல இருக்குல்ல? தேவைப்படறவன் அவனவன் டைல்யூட் பண்ணிக்கட்டும். மூணு வருஷம் வேற என்ன கத்துக்கிட்டீங்க?" அவரவர் தலையை ஆட்டினார்கள். லோகிதாசனுக்கு வேண்டியிருக்கவில்லை, அவன் முன்பே எடுத்து வைத்திருந்தான். அவன் இரண்டாவது ரீடிங்கைத் தொடங்கி, துளி விழுந்து சிவந்து மறைந்துகொண்டிருக்கும்போது கண்ணின் ஓரத்தில் பார்த்தான். குபேந்திரன் ஷெல்ஃபிலிருந்து அடர் அமிலம் இருந்த கனமான பழுப்புப் பாட்டிலை எடுத்து வந்தான். பீக்கரை எடுத்தான். வெறும் பீக்கர். பாட்டிலைச் சாய்த்தான். எண்ணெய் மாதிரி, சத்தமே இல்லாமல், அமிலம் இறங்கியது. முதலில் தண்ணீர், பிறகு அமிலம், சொட்டுச் சொட்டாக, ஓரமாக, கலக்கிக்கொண்டே விட வேண்டும். முதல் வருஷம் முதல் நாள் முதல் பாடம், சுவரில்கூட எழுதியிருக்கிறது. குபேந்திரன் பாட்டிலை வைத்துவிட்டு, கால் பீக்கர் வெறும் அமிலத்தோடு மேசைக் கோடியில் இருந்த சிங்க்குக்கு வந்தான், லோகிதாசனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றான், பீக்கரைக் குழாய்க்கு அடியில் பிடித்துக்கொண்டு குழாயைத் திருகினான்.

தண்ணீர் வரவில்லை. குழாய் இருமியது. மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரம் அது, காற்று அடைத்துக்கொண்டு கர் கர் என்று உறுமும், ஒரு சொட்டு வராது, பிறகு திடீரென்று கொப்பளித்துக்கொண்டு ஒரே வீச்சில் கொட்டும். இது லோகிதாசனுக்குத் தெரியும். குபேந்திரனுக்குத் தெரியாது, அவன் எந்த நாளிலும் எந்தப் பாத்திரத்தையும் கழுவியதில்லை. "ச்சை" என்று அவன் இன்னும் திருகினான், முழுக்கத் திருகினான், குனிந்து குழாய் வாயைப் பார்த்தான். முகம் பீக்கருக்கு நேர் மேலே இருந்தது. மூக்கு, கண், உதட்டுக்கு மேலே இரண்டு நாளாக மழிக்காத மயிர். வரப்போகிறது. தண்ணீர் வரும், அமிலத்தின் மேல் விழும், விழுந்த இடத்திலேயே கொதித்து ஆவியாகும், ஆவி அமிலத்தைத் தூக்கிக்கொண்டு மேலே பாயும், மேலே அந்த முகம் இருக்கிறது. முதலில் எரியாது, ஈரம் மாதிரிதான் இருக்கும், அவன் கண்ணைக் கசக்குவான், கசக்கும்போது தோல் விரலோடு வரும். நான் ஒன்றும் செய்யவில்லை. நான் இங்கே நின்று என் ரீடிங்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் கை ஸ்டாப்காக்கில் இருக்கிறது, இன்னொரு கை ஃபிளாஸ்க்கில் இருக்கிறது, இரண்டு கையும் எங்கே இருந்தன என்று யார் கேட்டாலும் சொல்லலாம். கை நீளவில்லை. கை நீளக் கூடாது என்றுதானே காலையிலிருந்து. குழாய் உறுமியது. இனிஷியல் ஜீரோ என்று சொன்ன வாய் அந்த வாய். அந்த வாய் இனி எதையும் சொல்லாது, உதடு உருகி ஒட்டிக்கொள்ளும், கண்ணாடியில் பார்க்கக் கண் இருக்காது, வாழ்நாள் முழுக்க ஜனங்கள் இவனைப் பார்த்து முகத்தைத் திருப்புவார்கள், தெருவில் குழந்தை அழும், இவன் வீட்டுக்காரர்கள் இவனுக்குத் தனி டம்ளர் வைப்பார்கள், அப்போது தெரியும். தெரியட்டும். எவ்வளவு சுத்தமாக நடக்கப்போகிறது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. பாடத்தைப் படிக்காதவன் தன் முகத்தில் தானே ஊற்றிக்கொண்டான். குழாய் நின்றது, மறுபடி இருமியது. சொல்லவா? ஒரு வார்த்தை போதும். டேய் என்றால் போதும், திரும்பிவிடுவான். ஏன் இன்னும் தண்ணீர் வரவில்லை? வந்துவிட்டால் இந்த யோசனை எல்லாம் முடிந்துபோகும், வந்துவிடு, சனியனே, வந்து தொலை. வந்துவிடு என்று தான் வேண்டிக்கொண்டதை அவன் கேட்டான். தெளிவாகக் கேட்டான், பக்கத்தில் நின்று வேறு யாரோ சொன்ன மாதிரி. அவன் ஸ்டாப்காக்கை மூடினான். முழுக்க மூடியிருக்கிறதா என்று பார்த்தான். ஃபிளாஸ்க்கை பியூரெட்டுக்கு அடியில் இருந்த வெள்ளை ஓட்டின்மேல், சத்தம் வராமல், நடுவில், சரியாக வைத்தான். குழாயின் தொண்டைக்குள் தண்ணீர் புரண்டு வருகிற சத்தம் கேட்டது.

அடித்தான். தள்ளவில்லை, இழுக்கவில்லை, அடித்தான். தோளிலிருந்து கிளம்பி, முந்தாநாளிலிருந்து கைக்குள் இருந்ததெல்லாம் சேர்ந்து, மூடிய முஷ்டி கீழிருந்து அந்தச் சிவப்புக் கயிறு கட்டிய மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு சத்தம் கேட்டது. பீக்கர் எகிறி சிங்க்கின் பின்சுவரில் மோதி உடைந்தது, குபேந்திரன் அம்மா என்று கத்திக்கொண்டு பின்னால் ஸ்டூல்மேல் சாய்ந்து விழுந்தான், அதே நொடியில் குழாய் வாந்தி எடுத்தது. சிங்க்குக்குள் தண்ணீர் கொட்ட, அங்கே சிதறியிருந்த அமிலம் ஒரு மிருகம் மாதிரி சீறி வெண்புகையாக எழுந்தது. கொதிக்கிற துளிகள் ஓடுகளில் பட்டு வெடித்தன. இரண்டு துளி லோகிதாசனின் முன்கையில் விழுந்தன, சில துளி குபேந்திரனின் புறங்கையில். பரிசோதனைக்கூடம் முழுக்கச் சத்தம் நின்றுபோய், சிங்க்கின் சீறல் மட்டும் கேட்டது.

"அடிச்சிட்டான் சார்! சும்மா நின்னவன அடிச்சிட்டான் சார்!" என்று தரையிலிருந்து குபேந்திரன் கத்தினான். எக்ஸ்டர்னல் ஓடிவந்தார். "யாருடா நீ? எக்ஸாம் ஹால்ல ரவுடித்தனமா? பேப்பரக் குடுத்துட்டு வெளிய போ." லோகிதாசன் நின்றான். போக வேண்டியதுதான் என்று நினைத்தான், அந்த நினைப்பில் ஒரு நிம்மதிகூட இருந்தது. அடித்தான், அதற்கு உரியது கிடைக்கிறது, கணக்கு சரி. ஆனால் சண்முகவடிவு மேடம் சிங்க்கைப் பார்த்துவிட்டார். புகையையும், உடைந்த பீக்கரையும், மேசைமேல் மூடியில்லாமல் நின்ற பழுப்புப் பாட்டிலையும் பார்த்தார். "சார், அவன் வெறும் கான்சன்ட்ரேட்டட்ல தண்ணிய விட்டிருக்கான் சார். முகம் போயிருக்கும் சார்." எக்ஸ்டர்னல் எட்டிப் பார்த்தார். வழுக்கையில் வியர்த்தது. அவனவன் டைல்யூட் பண்ணிக்கட்டும் என்று சொன்னது யார் என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். சட்டென்று குரல் மாறியது. "டேய், முட்டாள், உன் கண்ண இவன் காப்பாத்தியிருக்கான்டா. எழுந்து தேங்க்ஸ் சொல்லு இவனுக்கு." பிறகு லோகிதாசனின் முதுகில் தட்டினார். தட்டிய இடம் ஹெல்மெட் பட்ட இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. "நல்ல ரிஃப்ளெக்ஸ்பா உனக்கு. ஒரு செகண்ட் லேட்டாயிருந்தா அவ்வளவுதான்." ஒரு செகண்ட். லோகிதாசன் வாயைத் திறந்தான். "இல்ல சார்..." என்று ஆரம்பித்தான். அவர் அதற்குள் திரும்பி, மற்றவர்களைப் பார்த்து, எல்லாரும் அவங்கவங்க வேலையப் பாருங்க என்று கத்திக்கொண்டிருந்தார்.

மேடம் இரண்டு பேரையும் சிங்க்குக்கு இழுத்தார். அமிலமெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது, குழாய் இப்போது தாராளமாகக் கொட்டியது. "கையை வைங்க. ரெண்டு பேரும். எடுக்கக் கூடாது. நான் சோடியம் பைகார்பனேட்டும் பர்ஸ்ட் எய்டும் எடுத்துட்டு வரேன்" என்று உள்ளறைக்கு ஓடினார். ஒரே குழாய்தான் இருந்தது. குபேந்திரன் ஒரு கணம் தயங்கினான், எரிச்சல் தயக்கத்தை விடப் பெரிதாக இருந்தது, கையை நீட்டினான். லோகிதாசனும் நீட்டினான். ஒரே தண்ணீருக்கு அடியில் இரண்டு கைகள், ஒன்றிலிருந்து வழிந்த தண்ணீர் இன்னொன்றின்மேல் விழுந்து போயிற்று. குபேந்திரனின் மணிக்கட்டு அதற்குள் முட்டை அளவு வீங்கியிருந்தது, கயிறு சதைக்குள் அமுங்கியிருந்தது. முகம் வெளுத்திருந்தது. முகம் இருந்தது, மூக்கு, இரண்டு கண், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. லோகிதாசன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"தேங்க்ஸ்டா" என்றான் குபேந்திரன், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

லோகிதாசனுக்கு அந்தச் சொல் அறையைவிட மோசமாக இருந்தது.

குபேந்திரன் லோகிதாசனுடைய ஃபிளாஸ்க்கைப் பார்த்தான். வெள்ளை ஓட்டின் நடுவில், சிந்தாமல், சாயாமல், ஒழுங்காக நின்றது. பியூரெட்டையும் பார்த்தான். ஸ்டாப்காக் மூடியிருந்தது, முனையில் ஒரு துளிகூடத் தொங்கவில்லை. அவன் படிக்காதவன், ஆனால் மந்தமானவன் இல்லை. மெதுவாகத் தலையைத் திருப்பினான்.

"நீ எப்போ பாத்த?"

மேடம் இன்னும் வரவில்லை. இப்போதான் பாத்தேன் என்று சொன்னால் முடிந்தது. எக்ஸ்டர்னலே அதைச் சொல்லிவிட்டார், ஒரு செகண்ட் என்று, அதை அப்படியே எடுத்து எழுதிக்கொண்டால் போதும்.

"நீ பீக்கர்ல ஆசிட்ட ஊத்தும்போதே" என்றான் லோகிதாசன்.

குபேந்திரனின் கண்ணில் எதுவோ நகர்ந்தது. கோபம் இல்லை. பாட்டிலிலிருந்து சிங்க் வரைக்குமான தூரத்தையும், குழாய் இருமிக்கொண்டிருந்த நேரத்தையும் அவன் மனசுக்குள் நடந்து பார்ப்பது தெரிந்தது. நடந்து முடிந்ததும் கையைத் தண்ணீரிலிருந்து வெடுக்கென்று இழுத்தான், ஓர் அடி பின்னால் நகர்ந்தான். லோகிதாசன் எட்டி அந்தக் கையைப் பிடித்தான்.

"எடுக்காத. இன்னும் நேரமாகும். இப்பவே எடுத்தா உள்ள எரிச்சுக்கினே போவும்."

"விட்றா. வலிக்குது."

"வலிக்கும்."

"லோகி, விட்றா, டேய், கையி போயிடிச்சுடா..."

லோகிதாசன் சொன்னது எல்லாம் சரிதான். தண்ணீருக்கு அடியில் வைத்துத்தான் ஆக வேண்டும், அதுதான் முறை. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே பிடித்திருக்கலாம். முழங்கையைப் பிடித்திருக்கலாம். வீங்கிய இடத்தில்தான் அவன் விரல்கள் அழுந்தியிருந்தன, ஒன்றுகூட நழுவவில்லை. குபேந்திரன் பல்லைக் கடித்துக்கொண்டு, குரல் வெளியே வராமல் அழ ஆரம்பித்தான். லோகிதாசன் அந்தக் கையைத் தண்ணீரின் நடுவில், அது நேராக விழுகிற இடத்தில், அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.